கூட இருக்க ஓர் ஆள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்கு எழுதினால் அத்தான் பிரித்துவிடுவார், போனையும் அவர்தான் எடுக்கிறார். அதனால் உன் தையல் கடைக்கே எழுதுகிறேன். பதினொன்றாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன். பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியை மட்டும் அமைப்பார்கள். உள்ளே பாதை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் குளிக்கும்போது குனிந்தே பார்க்காதவளுக்கு இது போதும்.

"கூட இருக்க சொந்தக்காரங்க யாராவது வருவாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "எங்க அக்கா வருவா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பஸ் எஞ்சினையே பிரித்து மாட்டுகிறவளுக்கு, இப்போது எந்த நட்டு எங்கே என்று மறந்துபோகிறது. தூக்கமும் இல்லை. வருவாய்தானே?

உன் தங்கை

மார்ச் 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். நன்றாக இருக்கிற உடம்பில் எதற்குக் கத்தி என்று கேட்க நாக்கு துருதுருக்கிறது. கேட்டால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாய். அத்தானிடம் எதையாவது சொல்லிச் சமாளித்து வந்துவிடுகிறேன். பயப்படாதே.

அக்கா

மார்ச் 15

அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டியூபும் கட்டுமாகக் கிடக்கிறேன். நெருப்பாக எரிகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் நீதான் என்று தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்தும் வலிக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள்தான் எனக்கும் தண்ணீர் கொடுத்தாள். வர முடியாதென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இனி எழுதாதே.

மார்ச் 18
பெண்கள் வார்டு வாசல்

கண்ணு,

நான் ஆபரேஷன் அன்றைக்கே வந்தேன். "என் தம்பிக்கு ஆபரேஷன்" என்றேன், ஆண்கள் வார்டுக்கு அனுப்பினார்கள். கட்டில் கட்டிலாகத் தேடினேன். "அப்படி யாரும் இல்லம்மா" என்றார்கள். நீ மனசு மாறிப் போய்விட்டாய் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது, மறைக்க மாட்டேன். பஸ் ஏறிவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா என்று நீ எழுதியதைப் படிக்கும்வரை, நீ பெண்கள் வார்டில் இருப்பாய் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

இன்றைக்கு நர்ஸ், "யாரைப் பார்க்கணும்?" என்றார். "என் தங்கச்சியை" என்றேன். "பேரு?" என்றார். நீ பேரை மாற்றிக்கொண்டது தெரியும். ஆனால் கவர்மேல் பழைய பேரையேதான் எழுதிவந்தேன், புதுசு என்னவென்று ஒருநாளும் கேட்கவில்லை. "பஸ் மெக்கானிக்" என்றதும் பக்கத்தில் நின்ற வார்டு ஆயா சிரித்துக்கொண்டே, சீட்டு எழுதித் தந்தால் உன்னிடம் கொடுப்பதாகச் சொன்னாள்.

உன் பேரை இதன் பின்னால் எழுதிக் கொடுத்தனுப்பு. வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா