கதவுக் கொக்கியில் முழுக்கைச் சட்டை

என்னங்க,

தையல் கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டேன். கொக்கியில் தொங்குவது நாளை மலையேற உங்களுக்கு நான் தைத்த முழுக்கைச் சட்டை.

நேற்று என்ன சொன்னீர்கள்? “இந்த வெயில்ல முழுக்கையா? வெந்துடுவேன். நீ தைக்கிறதோட நில்லு, மலை ஏறுறதெல்லாம் உன்னால ஆகாது.”

முதலில், சட்டையைப் பற்றிச் சொன்னதற்கு என் பதில். உங்கள் பருத்தி டி-ஷர்ட்டையும் இதையும் ஒன்றாக நனைத்துக் கொடியில் போட்டேன். சமையல் முடிவதற்குள் இது உலர்ந்துவிட்டது. உங்களுடையது இன்னும் ஈரம், தொட்டுப் பாருங்கள். துணி மெல்லிசுதான், ஆனால் நெருக்கமான நெசவு. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் வைத்த விரல்கூடத் தெரியவில்லை; வெயில் உள்ளே இறங்காது. காற்றுக்காக அக்குளில் தளர்வும் விட்டிருக்கிறேன். போன கோடையில் வெயில் பட்டு உங்கள் கையில் வந்த கொப்புளங்களுக்கு நான்கு நாள் மருந்து போட்டவள் நான். வாதாடாதீர்கள்.

சாதம் குக்கரில். சாவி மீட்டர் பெட்டி மேல்.

பி.கு.: இரண்டாவதாகச் சொன்னதற்கு என் பதில். மீதித் துணியில் எனக்கும் ஒன்று தைத்துவிட்டேன். நாளைக்குக் கடை லீவு, போர்டும் எழுதியாச்சு. தண்ணீர் இரண்டு பேருக்கு எடுத்து வையுங்கள். ‘உன்னால ஆகாது’ என்று மறுபடி சொல்வதானால் உச்சிக்கு வந்து சொல்லுங்கள். அங்கேதான் இருப்பேன்.