கல்வாழையை ஏன் பிடுங்கினேன்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். என் முழங்கால் வலி பரவாயில்லை. அப்பாவுக்குக் காதில் வைக்கிற மெஷினை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதை அவர் தனக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் மாட்டிக்கொள்கிறார். போனில் நாலு தடவை கல்வாழை எப்படி இருக்கிறது, புதுப் படம் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டாய், நான் நாலு தடவையும் பேச்சை மாற்றினேன். போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்வாழை இல்லை. ஒரு கிழங்கு விடாமல் தோண்டி எடுத்தாயிற்று. உன் மாமா இதற்குள் உனக்குப் போன் செய்து அவன் பக்கத்தைச் சொல்லியிருந்தாலும் சரி, இனிமேல்தான் சொல்லப்போகிறான் என்றாலும் சரி, நடந்தது நடந்தபடி என் கையெழுத்தில் உன்னிடம் இருக்கட்டும்.

அந்தக் கிழங்குகள் நான் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தவை. பெரிய இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தவற்றைப் பின்பக்கச் சுவரோரம் பாத்தி கட்டி, முளை மேலே பார்க்கிற மாதிரி வைத்தேன். முதல் இரண்டு வருஷம் இடுப்பளவுதான் வளர்ந்தது, ஏதோ பூத்தது. பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுவேன், இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே சுகமாகப் படுத்திருக்கும் புழுவைப் பிரித்துப் பிரித்து எடுப்பேன், அவ்வளவுதான் வேலை. மாடி கட்டி அதை வாடகைக்கு விட்ட பிறகு அது வளர்ந்த வேகத்தை என்னவென்று சொல்வது. ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு இலையும் விசிறி அகலம். சிவப்பு பூத்தால் கண் கூசும், மஞ்சளில் சிவப்புப் புள்ளி வைத்தது இன்னொரு பக்கம் கொத்துக் கொத்தாக நிற்கும். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்து படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார், அந்தப் படத்தில் உன் மாமா கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறான். அதைத்தான் நீ ஆபீஸ் கம்ப்யூட்டரில் முகப்பாக வைத்திருப்பதாகச் சொன்னாய். எடுத்துவிடு. என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டீத்தூள் போடுங்கள், முட்டை ஓடு போடுங்கள் என்று பாடம் எடுத்தேன். அந்தப் பூவை வெட்டிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன், அந்த மண்ணை வெறும் கையால் கிளறினேன். எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

மழை ஆரம்பித்ததிலிருந்து பின்பக்கம் ஒரு நாற்றம். முதலில் எலி செத்திருக்கும் என்று தேடினோம். பிறகு எனக்கு மாடி வீட்டுக்காரி மேல் சந்தேகம் வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற பெண், தனி ஆள், ஐந்து வயசுப் பெண் குழந்தை ஒன்று, அதை நாங்கள் பொட்டு என்று கூப்பிடுவோம். குழந்தை இருக்கிற வீடு, இவள் காலையில் ஓடிச் சாயங்காலம் வருகிறவள், அழுக்குத் தண்ணீரைப் பின்பக்க ஜன்னல் வழியாக ஊற்றுகிறாள் என்று நானே முடிவு கட்டினேன். உன் அம்மா முப்பது வருஷம் ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில், மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற டப்பாக்களைத் திறந்து பார்த்துக் குடும்பம் நடத்தியவள். மலம், சளி, சீழ் எதற்கும் நான் முகம் சுளித்தவள் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் படிக்கட்டில் அந்தப் பெண்ணை நிறுத்தி, "வீட்டுல சின்னப் பிள்ள இருந்தா சுத்தபத்தமா இருக்கணும்மா, உன் வீட்டு நாத்தம் எங்க சமையலறை வரைக்கும் வருது" என்று சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிவந்துபோய், "சரி ஆன்ட்டி, கழுவிடறேன்" என்றாள். இன்னும் இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை பக்கத்து வீட்டம்மா முன்னாலேயே சொன்னேன்.

அதற்கப்புறம் பொட்டுவுக்கு வாந்தியும் பேதியும். ஒரு முறை சரியாகிப் பத்து நாளில் திரும்பவும் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் வைத்துச் சலைன் ஏற்றினார்கள். நான் பார்க்கப் போனேன். பிள்ளை கட்டிலில் துணி மாதிரி கிடந்தது, உதடு வெடித்திருந்தது, என்னைப் பார்த்து ஒரு கையை மட்டும் லேசாகத் தூக்கிற்று. அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, தாய்க்காரி கையைக் கழுவாமல் ஊட்டியிருப்பாள் என்றுதான். ஆனால் அங்கே டாக்டர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அவள், குடிக்கக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன், பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது மட்டும் குழாய்த் தண்ணீர் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கீழே நாங்கள் குடிப்பது மெஷினில் சுத்தமாகி வருகிற தண்ணீர், மாடிக்கு மெஷின் இல்லை, ஆனால் இரண்டு வீட்டுக்கும் தொட்டி ஒன்றுதான். அது கல்வாழைப் பாத்தியிலிருந்து நாலு அடி தள்ளி மண்ணுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, என்னிடம் வேலை பழகி இப்போது அந்தப் பரிசோதனைக் கூடத்திலேயே தலைமையாக இருக்கிற பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்து, "மேடம், இது எந்தச் சாக்கடையிலேருந்து எடுத்தீங்க" என்று கேட்டாள்.

மறுநாள் காலையிலேயே பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் மாடிக் கழிப்பறையில் ஒரு வாளி நீலம் கரைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே வந்து, செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து கால் மணி நேரம் பார்த்தார். நீலம் வரவில்லை. பிறகு வீட்டைச் சுற்றி நடந்து, கல்வாழை முன்னால் வந்து நின்றார், நின்றவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நடுவில் இருந்த பெரிய புதரைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார். அடியில் நாலு அங்குலக் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு மண்ணுக்குள் சும்மா நின்றிருந்தது. மூடியும் இல்லை, இணைப்பும் இல்லை. வேர்கள் கொத்தாக அதன் வாய்க்குள் போயிருந்தன, கிழங்குகள் சுற்றிலும் கொழுத்து உட்கார்ந்திருந்தன. நீலத் தண்ணீர் அவற்றின் மேல் வழிந்துகொண்டிருந்தது. மாடி வீட்டுக் கழிவு மொத்தமும் ஒன்றரை வருஷமாக அங்கேதான் விழுந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அந்தப் பக்கம் விரல் நுழைகிற வெடிப்பு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

மாடி கட்டியது உன் மாமா. செப்டிக் டேங்க் வீட்டுக்கு முன்பக்கம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் இணைக்க வேண்டுமானால் முகப்பில் புதிதாகப் பதித்த தரையை உடைக்க வேண்டும், ஒரு வாரம் கூடுதலாகும். அவன் உடைக்கவில்லை, பின்பக்கமாகவே குழாயை இறக்கிப் பாத்தி மண்ணால் மூடிவிட்டான். போன் செய்து வரச் சொன்னேன். வந்தான், எட்டிப் பார்த்தான், பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, இதுக்குப் போயா இவ்ளோ பதட்டம். எருதானே. கல்வாழைய வெச்சுத்தான் எத்தனையோ ஊர்ல சாக்கடையையே சுத்தம் பண்றாங்க" என்றான். அதற்குத் தனியாகத் தொட்டி கட்டிச் சரளைக்கல் நிரப்பி, குடிதண்ணீருக்குத் தள்ளி வைப்பார்கள் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மேல் வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்றேன். "பிள்ளைங்கன்னா நாலு தடவ வயித்தால போகத்தான் செய்யும், அதுக்கு நான் என்ன பண்ண" என்றான். சொல்லிக்கொண்டே தன் செருப்பில் ஒட்டின மண்ணை என் வாசல் மிதியடியில் தேய்த்தான். உன்னைச் சைக்கிள் ஓட்டப் பழக்கினவன், நீ விழுந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு ஓடினவன், எனக்கு அது மறக்கவில்லை. ஆனால் அந்தக் காலைத் தேய்த்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை மகளே. குமட்டல். குழாயைப் பார்த்து வந்ததைவிட அதிகமாக வந்தது. பூசி மெழுகுவது அவன் தொழில், அது மனசு வரைக்கும் போய்விட்டது எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

போகிறபோது இன்னொன்றும் சொன்னான். "அத்தானுக்குத் தெரியும்க்கா, அன்னிக்கே பாத்தாரு." நான் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்ப மாட்டச் சொல்லிக் கேட்டேன். குழாய் போட்ட அன்று பார்த்தாராம், இது தற்காலிகம்தான், அடுத்த மாதம் மாற்றிவிடுகிறேன் என்று இவன் சொன்னானாம், அக்கா தம்பிக்குள் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டாராம். அப்புறம் மறந்துவிட்டாராம். நாற்றம் வந்தபோதுகூடவா ஞாபகம் வரவில்லை என்றேன். நான் அந்தப் பெண்ணைப் படிக்கட்டில் நிறுத்திப் பேசியபோது இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், மெஷின் காதில் இருந்தது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டாம். மண்வெட்டியைக் கையில் கொடுத்தேன். பிளம்பரும் அவரும் நானுமாக இரண்டு நாள் தோண்டினோம். கிழங்கு மட்டும் பதினோரு சாக்கு. அதில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாயிற்று. முகப்புத் தரையை உடைத்துக் குழாயை உரிய இடத்தில் சேர்த்தோம், தொட்டியை இடித்து வேறு பக்கம் கட்டினோம்.

பொட்டுவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மேலே போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், தொட்டி, என் தம்பி, என் வீட்டுக்காரர், எதையும் மறைக்கவில்லை. அவள் கத்துவாள், கத்தட்டும் என்றுதான் போனேன். அவள், "அப்ப என் வீடு நாறலையா ஆன்ட்டி" என்று கேட்டாள். நான் சொன்ன நாளிலிருந்து தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்து ஒரு தடவை, பினாயில் ஊற்றி வீட்டைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். கையைக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, லென்ஸ் பிடிக்க முடியாமல் துணி சுற்றியிருந்தாள். கடையில் கூட வேலை செய்கிறவர்களிடம், என் மேல் ஏதாவது வாடை வருகிறதா என்று கேட்பாளாம். என்னை மன்னித்துவிடு என்றேன். அவள், "உங்க தம்பி வேற எங்கல்லாம் கட்டியிருக்காரு" என்று மட்டும் கேட்டாள்.

நம் வரிசையிலேயே மூன்று வீடு கட்டியிருக்கிறான். அடுத்த நாள் மூன்று வீட்டுக் கதவையும் தட்டினேன், நீலம் கரைத்து ஊற்றிப் பாருங்கள் என்றேன். ஒரு வீட்டில் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். ஒரு வீட்டில் நீலம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வீட்டில் அது சேரவில்லை, அவர்கள் செய்தித்தாளில் போடுவோம் என்று நிற்கிறார்கள். உன் மாமாவுக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு வேலை கையை விட்டுப் போயிற்று. வாசலில் நின்று, கூடப்பிறந்தவளா நீ என்று கேட்டான். ஆமாம், அதனால்தான் நானே போய்ச் சொன்னேன், வேறு யாராவது சொன்னால் போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள் என்றேன். அதற்கப்புறம் அவன் வரவில்லை.

மாடிப் பெண் போன வாரம் காலி செய்துகொண்டு போனாள். இருக்கச் சொல்லிக் கேட்டேன், வேண்டாம் ஆன்ட்டி என்றாள். பொட்டு தேறிவிட்டது, போகும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து எனக்குக் கையாட்டிற்று. மேலே போய்ப் பார்த்தேன். குளியலறைத் தரையின் நிறமே தேய்ந்து போயிருந்தது.

நீயும் அங்கே இன்னொருத்தர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறவள். உனக்கு ஒன்றுதான் சொல்கிறேன். வீட்டுக்காரம்மா படிக்கட்டில் நிறுத்தி உன் வீடு நாறுகிறது என்று சொன்னால், உடனே தலையைக் குனிந்துகொண்டு கழுவப் போகாதே. எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்க்கச் சொல். சொல்கிறவள் என்னைப் போல வயசானவளாக, படித்தவளாக, ரொம்பச் சுத்தமானவளாக இருந்தாலும் சொல்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கடைவாய்ப் பல்லைப் போய்க் காட்டு, தள்ளிப் போடாதே. மாமா கூப்பிட்டால் போனை எடு, மரியாதையாகப் பேசு, எனக்காக அவனோடு சண்டை போட வேண்டாம், அவனுக்காக என்னிடமும் பேச வேண்டாம். நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் கூசாமல் நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அப்பா படித்துப் பார்க்க வேண்டும் என்றார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், பேனாவைக் கேட்டார், எதையாவது அடிக்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. கீழே அவரும் எழுதியிருக்கிறார்.

உன் அம்மா

அம்மா எழுதியது எல்லாம் உண்மை.
அப்பா