கல்லின் தலையில் மூன்று எழுத்து

2025 ஏப்ரல் 6, ஞாயிறு, காலை 11.20. முன்னோரைக் கும்பிடும் சிங்மிங்குக்குக் கல்லறை துடைக்கப் போனவர்கள் பதினான்கு பேர், வெயிலில் வெந்து வீடு திரும்பியவர்களும் பதினான்கு பேர். ஆகவே செகிஞ்சானில் எல்லாரும் நலம். குவாங்சோவில் படிக்கும் நீயும் அதுபோல் இருக்க வேண்டும்.

மகள் ஹுய் தின்னுக்கு, ஆலையில் நெல் உலர்த்தும் இயந்திரம் பெல்ட் அறுந்து கிடக்கிறது, ஒரு மணிக்குள் போயாக வேண்டும், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அம்மாவின் கல்லறைக் கல்லில் சீனாவிலுள்ள பூர்வீக ஊர் சியேயாங் வேண்டாம், நம் ஊர் செகிஞ்சான் என்று வெட்டுங்கள் எனக் கேட்டுவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று மூன்று முறை செய்தி அனுப்பியிருக்கிறாய். தப்பில்லை. நானே யோசித்திருக்க வேண்டியது, யோசிக்கவில்லை. நம் கல்லறைகள் எல்லாவற்றின் தலையிலும் சியேயாங் இருக்கிறது, இதிலும் இருக்கட்டும் என்று மோட்டாருக்கு உதிரிபாகம் சொல்வதுபோலச் சொல்லிவைத்திருந்தேன். அதுவும் இரட்டைக் கல், பாதி அவளுக்கு, பாதி எனக்கு. முப்பத்தொன்பது வயதில் என் பெயரை, இறந்தவருக்குப் பொன், இருப்பவருக்குச் சிவப்பு என்ற வழக்கப்படி, சிவப்பு மையில் வரைபடத்தில் பார்த்ததும் பக்கத்தில் தேதி போட்டிருக்கிறதா என்று தேடினேன், பொய் சொல்வானேன்.

கல்தச்சர் ஆ செங் வரைபடத்தோடு கல்லறைக்கே வந்திருந்தார். உன் விருப்பத்தைச் சொன்னதும் உன் பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "பூர்வீகம் இல்லாத கல்லுக்கு வாசல்ல நட்ட கல்லு எவ்வளவோ தேவலடா, செத்தவ எங்க போய்ச் சேருவா?" என்றார். அவள் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை, கோலாலம்பூர் தாண்டியதில்லை, சியேயாங்குக்கு எப்படிப் போவாள் என்று கேட்டேன். ஆ செங் தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பி, தலையில ரெண்டு எழுத்துதான் உக்காரும், இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. சீனத்துல சியேயாங் ரெண்டு எழுத்து, செகிஞ்சான் மூணாச்சே" என்றார். பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது, "பாத்தியா, கல்லே வேணாங்குது." நான் அளவு நாடாவை எடுத்தேன். அகலம் எழுபத்தாறு சென்டிமீட்டர், எழுத்துக்குப் பத்து. நடுவில் வரிசையாக வைத்தால் மூன்றும் உட்கார்ந்து இன்னும் இடம் மிஞ்சும். ஆ செங்கும் ஒப்புக்கொண்டார்.

உடனே பெரியப்பா வேறு பக்கம் தாவினார். "பூர்வீக ஊர்க் கோயில் பதிவேட்டுல 'வீடு திரும்பியவர்'ங்கறதை அடிச்சிட்டு 'விருந்தாளி'ன்னு எழுதிட்டு வந்தவதானே உன் பொண்ணு, என்ன திமிரு" என்றார். சியேயாங் போய் வந்து நீ எனக்கு எழுதியிருந்ததை அங்கேயே உரக்கப் படித்தேன். கோயில்காரர்கள் "நீயும் சீனச்சிதானே, அப்புறம் என்ன விருந்தாளி?" என்று கேட்டதும், "சீனச்சிதான், ஊரு செகிஞ்சான்" என்று நீ சொன்னதும், பிறகு முன்னோர் பெயர்ப் பலகை முன்னால் ஊதுவத்தி ஏற்றி நம் நான்கு தலைமுறைப் பெயர்களையும் பார்க்காமல் ஒப்பித்ததும். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டதற்கு, வருஷாவருஷம் கல்லறை எழுத்துகளுக்குப் பொன் மை பூசுவது நான்தான் என்றாயாமே. நானும்தான் வருஷாவருஷம் போகிறேன், புல் வெட்டும் இயந்திரத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் கொடுத்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

பெரியப்பா வறுத்த வாத்தைப் பங்கு போடப் போய்விட்டார். காரில் ஏறப் போகும்போது ஆ செங்கைக் கூப்பிட்டு, "எனக்குன்னு எடுத்து வச்சிருக்கியே ஒரு கல்லு, அது எத்தனை சென்டிமீட்டர் அகலம்?" என்று கேட்டார்.

அங்கே இன்னும் குளிர் என்கிறார்கள், காலை உணவைத் தவிர்க்காதே, கணிதத்தில் வாங்கிய மதிப்பெண்ணை மறைக்காதே. உடம்பும் புத்தியும் என்றும் திடமாக இருக்க அப்பாவின் ஆசி. நான் செய்யப் போவது:

1. நாளை காலை எட்டு மணிக்கு ஆ செங்கின் பட்டறையில் கையெழுத்து. செகிஞ்சான், மூன்று எழுத்து, நடுவில்.
2. உளி வைப்பதற்கு முன் நானே இன்னொரு முறை அளப்பேன்.
3. அம்மாவின் பெயருக்குப் பொன் மை பூச யாரையும் விடமாட்டேன். ஜூலையில் நீ வந்து பூசு.
4. என் பெயரின் சிவப்பு வெளுக்க வெளுக்க நானே பூசிக்கொள்வேன். அதைப் பொன்னாக்குவதும் உன் வேலைதான், அதற்கு அவசரமில்லை.

அப்பா,
குவெக் சூன் லியாங்