வெறுங்கையோடு வெளியே வந்த நாள்

பால் வாங்கப் போவதற்கும் சேட்டு அயர்ன் பண்ணுகிற என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டார். நான் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவர் எழும்பி வந்து கேட்டால் வீட்டுப்பாடம் என்று சொல்லலாம். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது, ஒருநாளும் உங்களுக்கு எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுவது பயத்தில்தான். ஆனால் பயத்தைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு யோஹன்னாவில் எரிச்சல், அப்பா. பொறாமைதான்.

யோஹன்னாவை உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் எங்கள் வீட்டுக்கு வந்து, உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய்க் கறி கேட்டவள். இப்போதும் வகுப்பில் என் பக்கத்துக் கதிரை அவளுடையதுதான். அவளுடைய முடியில் எனக்கு எரிச்சல் இல்லை. அவள் வீட்டில் பியானோ இருக்கிறது, அதிலும் இல்லை. அவளுடைய கைகளில்தான்.

கடைக்குள் போனால் அந்தக் கைகள் என்ன செய்யும் என்று நீங்கள் பார்த்ததில்லை. ஒன்று ஜாக்கெட் பைக்குள் இருக்கும். மற்றது போகிற வழியெல்லாம் சாமான்களைத் தொட்டுக்கொண்டே போகும். மூடியைத் திறந்து மணந்து பார்ப்பாள். ஒரு தட்டில் எடுத்ததை வேறு தட்டில் வைப்பாள். பிறகு "ஒன்றும் பிடிக்கவில்லை, வா" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே வாங்காமல் கதவால் வெளியே போய்விடுவாள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அப்படி ஒருநாளும் வெளியே வந்ததில்லை. நீங்கள் விடவில்லை.

"பிள்ளை, கடைக்குள்ளை போனால் வெறுங்கையோடை வரக்கூடாது. கடைக்காரருக்கு மனம் நோகும்," என்பீர்கள். யாருடைய வீட்டுக்காவது போனால் பழமோ பிஸ்கற்றோ கொண்டு போகிறோமே, அதைப்போல இதுவும் எங்கள் ஆட்களின் மரியாதை என்று நம்பியிருந்தேன். சப்பாத்துப் பார்க்கப் போவோம், அளவு இருக்காது, நீங்கள் சப்பாத்து நாடா வாங்குவீர்கள். கோட்டுப் பார்க்கப் போவோம், விலை சரிவராது, ஒரு சோடி காலுறை. தீப்பெட்டியும் ஊசிப்பெட்டியும் மெழுகுதிரியுமாகக் குசினி இழுப்பறை மூட முடியாமல் கிடந்தது. "இந்த மனுசன் ஹம்பேர்க்கிலை இருக்கிற கடையள் முழுக்கத் தான்தான் வாழவைக்கோணும் எண்டு நிக்குது!" என்று அம்மா கத்துவார். நீங்கள் சிரிப்பீர்கள்.

அதோடு அந்தச் சேட்டு. ஹோட்டல் சலவைப் பகுதியில் நாள் முழுக்க யாரோ படுத்த விரிப்புகளை அழுத்திவிட்டு வந்து, கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டைக்கு வீட்டிலும் அயர்ன் எடுப்பீர்கள்.

"பக்கத்துக் கடைக்குத்தானே போறம். என்னத்துக்கப்பா சேட்டு?"

"அந்தரப்படாதை. ரெண்டு நிமிசம்."

என் அப்பா ஸ்டைல் பார்க்கிற ஆள் என்று யோஹன்னாவிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

இரண்டு கிழமைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எஸ்-பான் ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கிற கடைக்குள் போனோம். ஷாம்பு, சவர்க்காரம், பூச்சுச் சாமான் விற்கிற கடை. யோஹன்னா நகப்பூச்சுப் பார்த்தாள். ஐந்து போத்தலைத் திறந்து ஐந்து விரலுக்கும் ஐந்து நிறம் பூசினாள். நான் என் பையை இழுத்து மூடி, கைகள் ஆட்களுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அடுத்த வரிசையில் ஒருவர் பற்பசைப் பெட்டி ஒன்றை வாசித்துக்கொண்டு நின்றார். நாங்கள் அங்கே நின்ற நேரம் முழுவதும் அதே பெட்டியைத்தான் வாசித்தார்.

யோஹன்னா "வா" என்றாள். நான் வழக்கம்போலச் சூயிங்கம் எடுக்கத் திரும்பினேன்.

"ஏன் எப்போதும் ஏதாவது வாங்குகிறாய்? அது உனக்கு வேண்டுமா?"

"மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை? சூயிங்கத்துக்கா?"

அவள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அந்த விளங்காமையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாளைக்கு, ஒரே ஒருநாளைக்கு நானும் அவளைப்போல வெளியே போக வேண்டும். சூயிங்கத்தைத் திருப்பி வைத்தேன். ஒரு கையை ஜாக்கெட் பைக்குள் விட்டேன். அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

அவள் கதவைத் தாண்டினாள். என் தோளில் ஒரு கை விழுந்தது.

பற்பசை வாசித்தவர்தான். களவு பிடிப்பதற்காகக் கடையில் வைத்திருக்கிற ஆள். "தயவுசெய்து என்னோடு வாருங்கள்" என்றார். 'வாருங்கள்' என்றுதான் சொன்னார், அப்பா. பதினாலு வயதில் முதல்முறையாக ஒரு பெரிய ஆள் என்னோடு மரியாதையாகப் பேசியது அப்போதுதான்.

பின்னறையில் என் பையை மேசையில் கொட்டினார். புத்தகங்கள், சாப்பாட்டுப் பெட்டி. அவற்றுக்கு நடுவில் திறக்காத கைக் கிறீம் ஒன்று, சூயிங்கம் பெட்டி இரண்டு, அட்டையோடு முடிப்பட்டி, ஒரு சின்ன வாசனைச் சவர்க்காரம். எல்லாம் அந்தக் கடைச் சாமான். முந்தின தடவைகளில் வெறுங்கையோடு வராமலிருக்க நான் வாங்கியவை. உங்கள் இழுப்பறையைப் போல என் பையும் நிறைந்திருந்தது. நான் கவனிக்கவேயில்லை.

"ரசீது எங்கே?" என்றார்.

நான் ரசீது வைத்துக்கொள்வதில்லை. வாசலில் இருக்கிற குப்பைக்கூடையில் போட்டுவிடுவேன். அப்போதுதான் உங்கள் கை ஞாபகம் வந்தது. நீங்கள் ரசீதை இரண்டு விரலுக்கு நடுவில், எல்லோரும் காணும்படி பிடித்துக்கொண்டுதான் கதவைத் தாண்டுவீர்கள். நான் சாமான் வாங்குவதை மட்டும் உங்களிடமிருந்து பழகியிருக்கிறேன். ரசீதைப் பழகவில்லை. மரியாதைக்கு எதற்கு ரசீது?

அது மரியாதை இல்லை, இல்லையா அப்பா? நீங்கள் பயந்திருக்கிறீர்கள். நாடா, காலுறை, சேட்டு எல்லாமே அதுதானா? உங்களையும் யாராவது ஒருநாள் இப்படி ஒரு பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்களா? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

அந்த ஆள் ஒரு தாளை நீட்டினார். பேர், விலாசம், கீழே ஒரு கோடு. "கையெழுத்துப் போட்டால் நீங்கள் போகலாம்." நான் வாசிக்கவில்லை. போட்டேன். நான்தான் எடுத்தேன் என்று அதில் எழுதியிருந்ததாம்.

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. யோஹன்னா வெளியே நின்று தன் அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வேலிக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்துவிட்டார். முழங்காலில் கிழிந்த காற்சட்டை, உடம்பெல்லாம் பச்சைப் புள்ளி, தலையில் சைக்கிள் தொப்பி. கதவைத் தட்டக்கூட இல்லை.

"இந்தப் பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள்?"

"அடிக்கடி வருகிறாள். சந்தேகமாக இருந்தது."

"என் மகளும்தான் அடிக்கடி வருகிறாள். அவளை ஏன் நிறுத்தவில்லை?"

யோஹன்னா ஐந்து நிற விரல்களையும் அந்த ஆளின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "இது உங்கள் கடைச் சாமான். நான் காசு கொடுக்கவில்லை. என்னைப் பிடியுங்கள்."

அந்த ஆள் அவளைப் பிடிக்கவில்லை. என் சாமான்களைப் பைக்குள் போடச் சொன்னார். தாளை மட்டும் தரவில்லை. கையெழுத்துப் போட்டது போட்டதுதானாம்.

எனக்கு அவர்களில் நன்றி வந்திருக்க வேண்டும், அப்பா. வந்தது எரிச்சல். கிழிந்த காற்சட்டையோடு வந்து சத்தம் போடக்கூடிய ஒரு அப்பா! நீங்கள் இருந்திருந்தாலும் வந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் சேட்டு மாற்றிக்கொண்டு வந்திருப்பீர்கள். என்னைப் பின்னால் நிற்கவைத்து, அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பின்னறையில் ஒரு கணம், உங்களுக்குப் பதிலாக அவரை எனக்கு அப்பாவாகத் தந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இதைத்தான் சொல்ல வெட்கப்பட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை அம்மா என்னைப் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஆட்களின் கடைக்கு அரிசி மா வாங்க அனுப்பினார். கடைக்கார அன்ரி என்னைக் கண்டதும், "வா பிள்ளை, அம்மா சுகமோ? உள்ளுக்குப் போய் உனக்கு வேண்டியதை எடு," என்றார். எனக்குப் பின்னால் ஒரு கறுப்பினப் பெண் வந்தார். அன்ரி ஜெர்மனில் "பையை இங்கே வையுங்கள்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "இவையளிலை ஒரு கண் இருக்கோணும் பிள்ளை. நம்பேலாது," என்றார்.

என் பை அந்தப் பெண்ணின் பையைவிடப் பெரிது. அது என் தோளிலேயே இருந்தது.

முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். அந்தக் கடையில் நான்தான் யோஹன்னா. ஒரு கையை ஜாக்கெட் பைக்குள்கூட விட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் வாழைக்காய் பார்த்தார், எல்லாம் கனிந்திருந்தது, திருப்பி வைத்தார். பிறகு காசு கொடுக்கிற இடத்துக்கு வந்து ஒரு தீப்பெட்டி எடுத்தார். தீப்பெட்டி மட்டும். ரசீதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனார்.

"பாத்தியே, இதுக்கே இவ்வளவு நேரம் நிண்டவ?" என்று அன்ரி சிரித்தார்.

யோஹன்னாவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். நான் "ஓம் அன்ரி" என்றேன்.

இனி பயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து அம்மாவின் பேருக்குக் கடிதம் வந்துவிட்டது. தபால்பெட்டியைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் இருப்பதால் அம்மா அதைக் காணவில்லை. ஒரு வருடத்துக்கு நான் அந்தக் கடைக்குள் போகக்கூடாதாம். பொலிஸுக்கும் அறிவித்துவிட்டார்களாம். கடிதம் என் அட்லஸுக்குள் இருக்கிறது.

அம்மாவுக்கு அடுத்த மாதம் குடியுரிமை அலுவலகத்தில் டெர்மின், நேரில் வரச்சொல்லி நாள் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கடைசிவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பாஸ்போர்ட்டுக்குத்தான். அதே விண்ணப்பத்தில் என் பேரும் இருக்கிறது. பரீட்சை பாஸ் பண்ணியும் அம்மா இன்னமும் சமைக்கும்போது கேள்வி பதில் சொல்லிப் பார்க்கிறார். இந்தக் கடிதம் அதை என்ன செய்யும்? போனில் தேடினேன். ஒருவர் ஒன்றும் ஆகாது என்கிறார், இன்னொருவர் எல்லாம் நின்றுவிடும் என்கிறார். யாரை நம்புவது?

கடிதத்தைப் பார்த்த யோஹன்னாவின் அப்பா மறுத்து எழுதலாம் என்கிறார். பயத்தில் போட்ட கையெழுத்து என்று எழுத வேண்டுமாம், தானும் மகளும் சாட்சி சொல்வார்களாம். ஆனால் அம்மா கையெழுத்து வைக்க வேண்டும், அதுவும் இந்த வெள்ளிக்கிழமைக்குள். "நான் உங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு பேசட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் அம்மாவுக்குமா அவர் வந்து சொல்ல வேண்டும்?

ஜெர்மனில் எனக்கு எல்லாம் சொல்ல வருகிறது. தமிழில்தான் ஒரு சொல்லில் நின்றுவிடுகிறது. இந்த வீட்டில் 'கள்ளி' என்றால் செல்லப் பேர். நான் உங்கள் தட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டு ஓடும்போது "எடியே கள்ளி!" என்று துரத்துவீர்களே, அந்தச் சொல். அதை அம்மாவுக்கு முன்னால் எந்த முகத்தோடு சொல்வேன்? அம்மா அழுவார். பிறகு, "விடு பிள்ளை, பிரச்சினைக்குப் போகாதை, டெர்மின் முடியட்டும்," என்பார். அவரும் உங்களைப் போலத்தான்.

யோஹன்னாவின் அப்பா சத்தம் போட்டார், ஐந்து நிமிடம். நீங்கள் இந்த ஊரில் இருபது வருடம் சத்தம் போடாமல் இருந்தீர்கள். எது கஷ்டம் என்று இப்போது யோசிக்கிறேன். எரிச்சல் இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைக் கொடுத்து அவரை வாங்க மாட்டேன். அன்றைக்கு நினைத்ததற்கு என்னோடு கோபிக்க வேண்டாம்.

அம்மா ஐந்து மணிக்கு எழும்பித் தேத்தண்ணி போடுவார். அப்போது கடிதத்தை மேசையில் வைப்பேன். சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன்: "அம்மா, நான் களவெடுக்கேல்லை. ஆனால் எடுத்தனான் எண்டு கையெழுத்து வைச்சுப்போட்டன்." இரண்டு வசனம். முதலாவதோடு நிற்க மாட்டேன். அவர் விடு என்று சொன்னால் மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது: "விடேலாது அம்மா. நீங்கள் கையெழுத்து வையுங்கோ." அதையும் சொல்வேன். அம்மாவின் பஸ் போய்விட்டாலும், அவர் வேலைக்குப் பிந்தினாலும், நாளைக்குச் சொல்லாமல் அவரைக் கதவைத் தாண்ட விட மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் ஒரே பிள்ளை
ஆரணி