ஜெபப் பட்டியலில் உன் பெயர்

ஆல்டர் கேப், டென்னசி
அக்டோபர் 9

அன்புத் தம்பி எமெட்டுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குத்தான் முழங்கால் வலி. பிரசங்க மேடை ஏறும்போது மட்டும் அது எங்கே போகிறதோ தெரியவில்லை!

உன் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்தவர் அப்பா. பதினோரு வருடமாக உன் பெயர் போட்ட எதையும் தொடாதவர். நீ சட்டம் படித்தபோது பொறுத்தார். அதை விட்டு விஞ்ஞான வரலாற்றுக்குத் தாவியபோதும் பொறுத்தார். ஆனால் பரிணாமம் கற்பித்த வாத்தியாரை நம் ஊர் நீதிமன்றம் தண்டித்த கதையை எழுதினாயே, அதில் "சபையார் ஒருவரும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை" என்ற வரியை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன ஜூரியில் உட்கார்ந்தவர் நம் தாத்தா அல்லவா?

அன்றிலிருந்து புதன்கிழமை ஜெபப் பட்டியலில் நீ "வழிதவறியோர்" தலைப்பின் கீழ்தான், குடிகார மார்வினுக்கு அடுத்து. வாராவாரம் தட்டச்சு செய்தவள் நான். மன்னித்துக்கொள்.

சபையின் பழைய குறிப்பேட்டிலிருந்து நான் பிரதி எடுத்து அனுப்பிய பக்கத்தை நீ அலட்சியம் செய்யவில்லை. குற்றவாளி என்று சொல்லிவிட்டு, அதே வாரம் வாத்தியார் வீட்டுக்கு விறகு சுமந்து போன தாத்தா. அதற்காக அவரைக் கண்டித்த சபை. இரண்டையும் முன்னுரையில் போட்டு, "நான் தவறாக எழுதிவிட்டேன்" என்று உலகறிய ஒப்புக்கொண்டாய். உனக்கு எப்படி நன்றி சொல்வேன், தம்பி!

அப்பா அதை மூன்று தரம் படித்தார். "தப்ப ஒத்துக்க எந்தக் காலேஜ்ல கத்துக்குடுத்தாங்களாம்?" என்றார். "உங்க சண்டே ஸ்கூல்லதான்" என்றேன். வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பக்கத்தை அனுப்பியது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று பட்டியல் அடிக்க உட்கார்ந்தபோது, "வெர்னா, அவன் பேர அங்கேருந்து எடு" என்றார். ஜெபத்திலிருந்தே உன்னை நீக்கச் சொல்கிறாரோ என்று பயந்தேன். "பிரயாணம் செய்யிறவங்க கீழ போடு" என்றார். "அவன் வர்றதா ஒண்ணும் எழுதலையேப்பா" என்றேன். "நீ அடிக்கிறத அடி" என்று எரிந்து விழுந்தார்.

அடித்துவிட்டேன். நீ பத்திரமாக வந்துசேர சபை முழுவதும் நேற்றே மண்டியிட்டு ஜெபித்தாயிற்று. மார்வின்கூட ஆமென் சொன்னான். மாதக் கடைசி ஞாயிறு சபைநாள் விருந்து. அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் யாரும் உட்காராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நீ இங்கே வரும் வரத்தை முதலில் காக்கட்டும்.

அன்புடன்,
அக்கா வெர்னா