கருப்பராயன் தோட்டத்து மண்தரைக் கார் பந்தயத்தை, யாருடைய பெயரையும் நீக்காமல் நடத்த அனுமதி வேண்டி

அனுப்புநர்
திருமதி சு. வெங்கடலட்சுமி,
(காலஞ்சென்ற திரு. சுந்தரராஜுலு அவர்களின் மனைவி),
கருப்பராயன் தோட்டம், காரமடை வழி,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: தை மாத மண்தரைக் கார் பந்தயம் – அமைப்பாளர் இருவரின் பெயரை நீக்கினால்தான் அனுமதி என வாய்மொழியாகக் கூறப்பட்டமை – அப்பெயர்களுடனேயே அனுமதி வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தோட்டத்தின் மேல்புறம், நிலக்கடலை பிடுங்கிய பிறகு சும்மா கிடக்கும் செம்மண் காட்டில், பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கும் நோன்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டுதோறும் கார் பந்தயம் நடந்து வந்தது. தாங்கள் இம்மாவட்டத்திற்குப் புதிதாகப் பொறுப்பேற்றுள்ளதால், அதன் வரலாற்றைச் சொல்லிவிட்டு என் குறையைச் சொல்கிறேன். சற்று நீளும். பொறுத்தருள வேண்டும்.

2. இது ஒரு வாய்ச்சண்டையில் தொடங்கியது. என் கணவர் அம்பாசடர் வைத்திருந்தார். கோவை கோட்டைமேட்டில் மோட்டார் பட்டறை நடத்தும் திரு. ரசாக் அவர்கள் பழைய ஃபியட் ஒன்றை வாங்கிப் புதுப்பித்திருந்தார். மண்ணில் எது முந்தும் என்று இருவருக்கும் தகராறு. 1974 தை மாதம் எங்கள் காட்டில் சுண்ணாம்புக் கோடு கிழித்து ஓட்டிப் பார்த்தார்கள். ஃபியட் முந்தியது. அடுத்த தையில் என் கணவர் மறுபடி அழைத்தார். அதற்குள் உடுமலையிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் ஆட்கள் வண்டியோடு வந்து நின்றார்கள். புழுதி படிந்த வெள்ளை வேட்டிகளைத் துவைத்துக் கட்டுப்படியாகாமல், பந்தயத்தை நிறுத்தச் சொல்லி முதலில் சண்டை போட்டவள் நான்தான் என்பதையும் தெரிவித்துக் கொள்கிறேன்.

3. 1983ஆம் ஆண்டுப் பந்தயத்தில் வளைவில் என் கணவரின் கார் உருண்டு தீப்பிடித்தது. அப்போது முன்னால் போய்க்கொண்டிருந்தவர் ரசாக். கடைசிச் சுற்று. பின்னால் எழுந்த புகையைக் கண்ணாடியில் பார்த்ததும் அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, குறுக்கே ஓடி, கதவைப் பிய்த்து என் கணவரை வெளியே இழுத்தார். அவருடைய இரு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவர் மனைவி பக்ருன்னிசாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்த ரசாக்கைக் கண்டதும் அழுதுவிட்டேன். "அழுவாதீங்க அம்மணி. பந்தயத்துல முன்னால போறதுக்கென்னங்க, அடுத்த வருசங்கூடப் போலாம்" என்றார். ஆனால் அவர் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்படி அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. அன்றிலிருந்து கொடி அசைத்துப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பவர் அவர். வண்டி ஓட்டுவது அவருடைய மகன் முஜீப்.

4. அந்த விபத்துக்குப் பிறகுதான் ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாதவரை இறக்குவதில்லை என்று முடிவானது. வளைவுகளில் மணல் மூட்டை அடுக்கினோம். கவிழ்ந்த வண்டிக்காக நிற்பவர் மறு ஓட்டத்தில் முதல் வரிசையில் நிற்கலாம் என்றும் ஒரு விதி வைத்தோம். எங்கள் பந்தயத்தில் இதுவரை உயிர்ச்சேதம் இல்லை. என் கணவர் 1995இல் மாரடைப்பால் காலமானார். அந்த ஆண்டே நிறுத்திவிட நினைத்தேன். ரசாக்கும் முஜீப்பும் வந்து காட்டை நிரவி, மூட்டை அடுக்கி, என்னைக் கேட்காமலேயே நடத்தி முடித்தார்கள்.

5. 1998 பிப்ரவரியில் குண்டுகள் வெடித்து நம் நகருக்கு நேர்ந்தது தாங்கள் அறிந்ததே. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் குழுவில் உள்ள திரு. பாலுசாமி காரமடையில் டிராக்டர் வைத்திருப்பவர். பல ஆண்டுகளாக முஜீப்போடு போட்டி போட்டு ஓட்டுபவர். அவருடைய மைத்துனர் மகன் அன்று ஆர்.எஸ்.புரத்தில் துணி எடுக்கப் போன இடத்தில் ஒரு காலை இழந்தான். ரசாக்கின் பட்டறையோ பல மாதம் பூட்டிக் கிடந்தது. பாலுசாமியும் அவரும் பேசிக்கொள்வது நின்றது. அடுத்த தையில் பந்தயம் வேண்டாம் என்று நாங்களே விட்டுவிட்டோம். அது துக்கம் காத்தது; அதில் எங்களுக்குக் குறையில்லை.

6. இந்த ஆண்டு அனுமதி கேட்டு முறைப்படி விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்த அலுவலர் மரியாதையாகவே பேசினார். ஆனால் புறப்படும்போது, "ஏனுங்கம்மா, அந்த ரெண்டு பேரை மட்டும் எடுத்துப்போட்டு வேற மனுக் கொடுங்க. கையெழுத்து ஒடனே ஆயிருமுங்க" என்றார். காரணம் கேட்டேன். "உங்களுக்கே தெரியுமுங்களே" என்றார். ஐயா, எனக்குத் தெரியவில்லை. ரசாக் மீதும் அவர் மகன் மீதும் எந்த வழக்கும் இல்லை. எந்தப் புகாரும் இல்லை. எழுத்தில் தாருங்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதிலும் இல்லை. இதுவே என் புகார்.

7. செய்தி ரசாக்கின் காதுக்கும் போயிற்று. மறுநாளே பஸ் ஏறி வந்து, "என்ற பேரை எடுத்துப்போடுங்க அம்மணி. பந்தயம் நடக்கட்டுமுங்க. நான் ஊட்டுலயே இருந்துக்கறேன்" என்றார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். என் மகன் யஷ்வந்த், இந்த ஒரு வருடம் மட்டும் எடுத்துவிடலாம், அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம் என்றான். குழுவில் அதற்குத் தலையாட்டியவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் பயம் இருக்கிறது.

8. முடிவெடுக்கக் கூடியபோது பாலுசாமி எழுந்தார். அவர் என்ன சொல்வார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோமோ அதை அவர் சொல்லவில்லை. "பையன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ரசாக்கண்ணன் வந்தாருங்க. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னாரு. உள்ள வரலாமா வேண்டாமான்னு தெரியாம நின்னாரு. நான் சன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தனுங்க. ஒரு வார்த்தை கூப்புடல. அவரு போற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்" என்றார். பிறகு, "அவரு கொடி அசைக்கலீன்னா நான் வண்டி எடுக்க மாட்டனுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். அதன்பின் யாரும் பெயரை எடுப்பதைப் பற்றிப் பேசவில்லை. என் மகனே எழுந்து போய் பாலுசாமிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அன்று மாலையே பாலுசாமி கோட்டைமேட்டுக்குப் போனார். அங்கு இருவரும் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது ரசாக்கின் கையெழுத்தை வாங்கி வந்தார்.

9. ஆகவே, எங்கள் விண்ணப்பத்தில் உள்ள எல்லாப் பெயர்களுடனும் வருகிற தை மாதப் பந்தயத்திற்கு அனுமதி வழங்க வேண்டுகிறேன். எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் சம்மதம். வண்டிகளையும் வருகிறவர்களையும் சோதிக்கலாம். எல்லோரையும் ஒன்றுபோலச் சோதித்தால் போதும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன். தாங்களே நேரில் வந்து பார்த்தால் இன்னும் நல்லது. நிழலில் நாற்காலி போட்டு வைப்போம்.

10. அனுமதி கிடைக்காவிட்டால் சட்டத்தை மீற மாட்டோம். ஒரு வண்டியும் ஓடாது. அன்று பகல் ரசாக், பக்ருன்னிசா, பாலுசாமி, நான் ஆகிய நால்வர் மட்டும் அந்தக் காட்டின் நடுவே பாய் விரித்து உட்கார்ந்து சோறு உண்போம். நாலு பேர் சேர்ந்து உண்பதற்கு அனுமதி தேவையில்லை என்று வழக்கறிஞரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆயினும் முன்கூட்டியே தங்களுக்குத் தெரிவிப்பது மரியாதை என்பதால் இதையும் எழுதினேன்.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) சு. வெங்கடலட்சுமி

இடம்: கருப்பராயன் தோட்டம்
நாள்: 13.12.1999

இணைப்பு: பந்தயக் குழுவினர் அனைவரின் கையொப்பம்.