நீங்கள் சொன்ன வாய்தா தேதி

அக்கா,

பழைய கைப்பையைத் துவைக்கலாம் என்று உதறியபோது ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது. பொன்முடி மலையிலிருந்து நீங்கள் கடைசியாக இறங்கி வந்த டிக்கெட். அச்சு முழுக்க மங்கிவிட்டது. பின்பக்கம் வக்கீல் குமாஸ்தா பேனாவால் எழுதிய வாய்தா தேதி மட்டும் அப்படியே இருக்கிறது. துவைக்கிற வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொலையானவன் என் தம்பி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவன். பிடிபட்டது அவனோடு வேலை பார்த்த உங்கள் மகன். முந்தின நாள் இருவருக்கும் கைகலப்பு நடந்திருந்தது.

வழக்கு எந்த நாளைக்குத் தள்ளிப்போகிறது என்று செத்தவனின் அக்காவுக்குச் சொல்ல கோர்ட்டில் ஒரு ஆள் கிடையாது. கேட்டால், சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். இரண்டு தடவை வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை வராந்தா பெஞ்சிலிருந்து நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். "இன்னைக்கு ஜட்ஜி லீவு, கேட்டியா. அடுத்தது வெள்ளிக்கெழம." நீங்கள் யாரென்று தெரிந்ததும் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. நீங்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும், எஸ்டேட் வேலையைப் போட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தபடி இறங்கி வருவீர்கள். உங்களுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. குற்றப்பத்திரிகையின் நகலை என்னிடமே நீட்டினீர்கள். என் தம்பியின் உடம்பில் எங்கெங்கே காயம் என்று நானே உங்களுக்கு வாசித்தேன். மூன்றாவது காயத்தில் தாளைக் கையால் மறைத்தீர்கள். "போதும், நீ வாசிக்காண்டாம்." தாளை மடித்து வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "அவன் செஞ்சிருந்தா உள்ள கெடக்கட்டும். செய்யலேன்னா எங்கிட்ட வரட்டும். ரெண்டுல ஏதுன்னு சொல்லதுக்கு இத்தன வருசமா?" எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

பிறகு உங்களுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொள்ள, ஜெயிலில் இருந்த உங்கள் மகன் பத்து நாள் ஜாமீன் கேட்டான். அத்தனை வருடத்தில் அன்றுதான் நீதிமன்றம் முதல் முறையாக என்னை எழுப்பிக் கேட்டது, செத்தவன் தரப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று. ஒருவழியாகக் கேட்டார்களே என்ற ஆங்காரமா, தம்பியின் முகமா, தெரியவில்லை. "ஆட்சேபம் உண்டு" என்றேன். ஜாமீன் கிடைக்கவில்லை.

மறுநாள் கால்கள் தாமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தன. கட்டில் ஓரத்தைத் தட்டி உட்காரச் சொன்னீர்கள். "வக்கீல் சொன்னாரு, நீ வேண்டாம்னியாமே. ஒடம்பொறந்தவனப் பறிகுடுத்தவ. சொல்லத்தான் செய்வ." மூச்சு வாங்கியது. தலையணைக்கு அடியிலிருந்து இந்த டிக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "வாய்தா பதினேழுக்கு மாத்திட்டாங்க. ஒனக்கு யாரும் சொல்ல மாட்டாங்களே."

பதினேழாம் தேதி பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன்.

போன மாதம் உங்கள் மகனை விட்டுவிட்டார்கள், அக்கா. அவன் செய்யவில்லை. அந்த நேரத்தில் அவன் கிழக்கேகோட்டையில் வேறொரு கடைக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான் என்று அந்தக் கடைக்காரரே வந்து சொன்னார். இத்தனை வருடம் அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. என் தம்பியைக் கொன்றது யார் என்று இனி யார் கேட்கப் போகிறார்கள்?

வராந்தாவில், நம் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நான் ஆட்சேபம் சொன்னதைக் கூண்டில் நின்று கேட்டவன் அவன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா கடைசில ஏதும் சொன்னாங்களாக்கா?" என்றான்.

"உன் வாய்தா தேதியச் சொன்னாங்க."

"உங்ககிட்டயா?"

தலையாட்டினேன்.

டிக்கெட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். அது அவனுக்குச் சேர வேண்டியது. கொடுக்கப் போனால் அந்தக் கட்டில் ஓரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது, அக்கா. நான் உட்கார்ந்திருந்தேன்.